அக்காவைக் கேளுங்கள்: ‘டியர் சாரோ’ கடிதங்களும் நம் வீட்டுக் கதைகளும்

போன மாதம் இந்தப் பகுதியில் பிலிப்பைன்ஸ் நாட்டின் ‘மாலாலா மோ காயா’ தொடரைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். நேயர்கள் அனுப்பிய கடிதங்களை வாரம் ஒரு நாடகமாக எடுத்து 31 வருஷம் காட்டிய தொடர். அதைப் படித்துவிட்டு இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அதனால் சமையல், பிள்ளை வளர்ப்புக் கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்துவிட்டு, இந்த மாதம் முழுக்க இதற்கே இடம் கொடுக்கிறேன்.

அக்கா, எங்கள் புளோக்கில் கீழ்வீட்டுப் பாட்டியைப் பார்த்துக்கொள்ளும் பிலிப்பினோ பெண் இந்த நாடகத்தைப் போனில் போட்டுப் பார்த்து அழுகிறார். பாஷை தெரியாத நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன், எனக்கும் கண் கலங்கிவிட்டது. அப்படி என்னதான் இருக்கிறது அதில்?
– இல்லத்தரசி, செந்தூல்

முதலில் அந்தப் பெண்ணோடு உட்கார்ந்து பார்த்தீர்களே, அதற்கு என் அன்பு. நம்மில் எத்தனை பேர் பக்கத்து வீட்டு வேலைக்காரப் பெண்ணின் பக்கத்தில் உட்காருகிறோம்?

அந்தத் தொடர் 1991 மே 15-ஆம் தேதி ஏபிஎஸ்-சிபிஎன் தொலைக்காட்சியில் தொடங்கியது. தலைப்பு ஒரு பழைய பிலிப்பினோ பாட்டிலிருந்து எடுத்தது, ‘உனக்கு ஞாபகம் வருமா’ என்று அர்த்தம். ஒவ்வொரு வாரமும் புதுக் கதை, புது நடிகர்கள். மாறாமல் இருப்பவர் ஒருவர்தான்: கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நம்மைப் பார்த்துப் பேசும் சாரோ சாந்தோஸ். கடிதங்கள் எல்லாம் ‘டியர் சாரோ’ என்றுதான் தொடங்கும். அவர் கொஞ்சம் வாசிப்பார், கதை ஓடும், நடுநடுவே கடிதம் எழுதியவரின் குரல் வரும், கடைசியில் திரும்பவும் சாரோ வந்து நாலு வார்த்தை சொல்லி முடிப்பார். இவ்வளவுதான் அமைப்பு.

அந்தக் கடிதம் செய்யும் வேலை பெரியது. சாதாரண சீரியலில் கதாநாயகி அழுதால், நாளைக்குச் சரியாகிவிடும், எழுதுகிறவர் எப்படியாவது இழுப்பார் என்று நமக்குத் தெரியும். இங்கே அந்த அழுகைக்குச் சொந்தக்காரர் ஏதோ ஓர் ஊரில் உயிரோடு இருக்கிறார். பேனாவை எடுத்து, தாளைத் தேடி, தபால் தலை ஒட்டி அனுப்பியிருக்கிறார். நடிகை முகத்துக்குப் பின்னால் இன்னொரு முகம் இருக்கிறது என்கிற அந்த நினைப்புக்குப் பாஷை தேவைப்படுவதில்லை. உங்களுக்குக் கண் கலங்கியது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

அந்தப் பெண் அழுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை கோலாலம்பூரில் புக்கிட் நானாஸ் செயின்ட் ஜான் தேவாலயப் பக்கமோ கோத்தா ராயா காம்ப்ளெக்ஸ் பக்கமோ போய்ப் பாருங்கள். பூசை முடிந்து கூட்டம் கூட்டமாக வருவார்கள். ஊருக்குப் பணம் அனுப்பும் கடைகளில் வரிசை நிற்கும். போனில் பிள்ளையோடு பேசிக்கொண்டே, இன்னொரு கையில் பணம் அனுப்பிய ரசீதைப் பிடித்தபடி நிற்கிற தாயை அங்கே எந்த ஞாயிற்றுக்கிழமையும் பார்க்கலாம். வெளிநாட்டில் வேலை செய்யப் போன அம்மா, பாட்டியிடம் வளரும் பிள்ளை, திரும்பி வரும்போது அம்மாவை அடையாளம் தெரியாமல் ஒதுங்கும் பிள்ளை – இந்த மாதிரிக் கதைகள் அந்தத் தொடரில் நிறைய. அவர் பார்ப்பது பக்கத்து வீட்டுக் கதையாக இருக்கும், தன் கதையாகவும் இருக்கலாம். கேட்டுப் பாருங்கள். நீங்கள் கேட்டால் சொல்வார்.

சாரோ சாந்தோஸ் நடிகையா, அறிவிப்பாளரா?
– ஆசிரியர், செராஸ்

இரண்டும். அதோடு ஏபிஎஸ்-சிபிஎன் நிறுவனத்தின் தலைவராகவும் இருந்தவர். அவ்வளவு பெரிய பதவியில் இருந்துகொண்டே கடிதத்தையும் விடாமல் வாசித்தார் என்பதுதான் எனக்குப் பிடித்தது. 2016-இல் வெனிஸ் திரைப்பட விழாவில் தங்கச் சிங்கம் வாங்கிய பிலிப்பினோ படத்தில் கதாநாயகியும் அவர்தான்.

அன்புள்ள அக்காவுக்கு, என் அம்மா நிபோங் திபால் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். எங்கள் ஐந்து பேரையும் படிக்கவைத்தார். அவரைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். இது நாடகத்துக்கு ஏற்ற கதையா? எப்படி எழுத வேண்டும்?
– ஓய்வுபெற்ற அரசு ஊழியர், பட்டர்வொர்த்

தம்பி, உங்கள் இரண்டு பக்கத்தையும் இரண்டு முறை படித்தேன். மனம் விட்டுச் சொல்கிறேன், வருத்தப்படாதீர்கள். முதல் ஒன்றரைப் பக்கத்தில் உங்கள் அம்மா இல்லை. ‘தியாகச் சுடர்’ இருக்கிறது, ‘மெழுகுவர்த்தியாய் உருகினார்’ இருக்கிறது, ‘தாயில் சிறந்த கோவிலும் இல்லை’ இருக்கிறது. இதெல்லாம் எந்த அம்மாவுக்கும் பொருந்தும். உங்கள் அம்மா வருவது இரண்டாம் பக்கத்தின் அடியில், பேனா மை வெளுத்துப்போன இடத்தில். பட்டணத்துக்கு வந்து மலிவு விலை வீட்டில் குடியேறிய பிறகும், பால் வெட்டும் உளியைத் தேங்காய் எண்ணெய் தடவி, பழைய கைலித் துணியில் சுற்றித் தலைமாட்டில் வைத்திருந்தார், சாகும்வரை யாரையும் தொடவிடவில்லை என்று ஒரே வரியில் எழுதிவிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்.

ஐயோ, அங்கேதானே கதை ஆரம்பிக்கிறது!

‘மாலாலா மோ காயா’க்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கதைக்குத் தலைப்பாகப் பெரும்பாலும் ஒரு பொருளின் பெயரை வைப்பார்கள். முதல் கதையின் பெயரே ‘ரப்பர் ஷூஸ்’. கடிதம் எழுதியவரின் வாழ்க்கையில் கையால் தொட்ட, எங்கோ பெட்டியில் கிடக்கிற ஒரு சாமான். கதை எங்கே சுற்றினாலும் அந்தச் சாமான் திரும்பத் திரும்ப வரும். அழுவதற்கு வசனம் தேவைப்படாது, அந்தப் பொருளைக் காட்டினால் போதும்.

உங்களுக்கு உளி கிடைத்துவிட்டது. இனி அதைச் சுற்றி நடந்ததை எழுதுங்கள். இருட்டில் எத்தனை மணிக்கு எழுந்தார்? பெரட்டுக்கு (காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடத்துக்கு) போகும் முன் அடுப்பில் என்ன வைத்துவிட்டுப் போனார், நீங்கள் ஐந்து பேரும் என்ன பசியாறினீர்கள்? உளியை எந்தக் கல்லில் தீட்டினார், அந்தச் சத்தம் உங்களுக்குத் தூக்கத்தில் கேட்டதா? மழை பெய்து பேர் போடாத, வேலை இல்லாத நாளில் அம்மா முகம் எப்படி இருந்தது, அன்றைக்கு மரத்தில் காய்ந்து ஒட்டிய ஒட்டுப்பால் பொறுக்கப் போனாரா? பால் நிறைந்த காண்டா வாளியை, தோளில் கம்பு வைத்து, தூக்கித் தூக்கித் தோளில் காய்ப்பு இருந்ததா? பால் ஸ்டோரில் நிறுக்கும்போது கணக்கு எழுதும் கிராணி சொன்ன கணக்கை அம்மா நம்பினாரா, வாயைத் திறந்தாரா? உங்களைப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுப் போனாரா, இல்லை தான் பால் வெட்டும் மர நிரைக்கே கூட்டிப்போய் மர நிழலில் உட்காரவைத்தாரா?

இதில் பாதிக்குப் பதில் தெரியாது என்பீர்கள். சரி, அக்காவோ அண்ணனோ யார் இருக்கிறார்களோ அவர்களிடம் கேளுங்கள். ஆளுக்கொரு மாதிரிச் சொல்வார்கள், சண்டைகூட வரும். அண்ணன் ‘அம்மா கோபக்காரி’ என்பார், நீங்கள் ‘ஒரு நாளும் அடித்ததில்லை’ என்பீர்கள். ஐந்து பிள்ளைகளுக்கு ஐந்து அம்மா. இரண்டையும் எழுதுங்கள். அம்மாவைக் குறையே இல்லாத தெய்வமாக்கிவிட்டால் நடிக்க வருகிற பெண்ணுக்குச் செய்வதற்கு ஒன்றும் இருக்காது, கும்பிடத்தான் முடியும்.

அப்புறம் ஒரு கேள்வி, இது நாடகத்துக்காக இல்லை, எனக்காக. அந்த உளி இப்போது எங்கே இருக்கிறது? யார் வீட்டில்? அதை எழுத விட்டுவிட்டீர்கள்.

எல்லாக் கதையும் அழுகைதானே அக்கா? கஷ்டப்பட்டார், ஏமாந்தார், கடைசியில் கடவுளை நம்பி நிமிர்ந்தார். வாராவாரம் இதையே பார்த்து என்ன ஆகப் போகிறது?
– கல்லூரி மாணவி, சுங்கை டூவா

உன் கோபத்தில் நியாயம் இருக்கிறது, கண்ணு. வாரம் ஒன்று என்று இத்தனை வருஷம் எடுத்தால் சில வாரம் அச்சில் வார்த்த மாதிரிதான் வரும். கஷ்டத்தைக் காட்டிக் கைக்குட்டையை நனைக்கிற வேலையும் அதில் உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் கடிதங்களில் காதல் இருந்தது, நோய் இருந்தது, பிரபலங்களின் இளமைக்கால வறுமையும் இருந்தது. வெளியே சொல்லக் கூசுகிற விஷயங்களைச் சனிக்கிழமை ராத்திரி, குடும்பத்தோடு பார்க்கிற நேரத்தில் காட்டினார்கள். வீட்டுக் கூடத்தில் ஒரு விஷயத்தை முதல்முறையாகப் பேசவைப்பது சின்ன வேலையா? போட்டிக்கு ஜிஎம்ஏ தொலைக்காட்சி 2002-இல் மெல் தியாங்கோவை வைத்து ‘மக்பகைலன்மான்’ என்று அதே மாதிரி ஒன்றைத் தொடங்கியது. ஒன்றுக்கு இரண்டாக ஓடியது என்றால் எழுதுகிற ஜனங்கள் அவ்வளவு பேர் இருந்தார்கள் என்றுதானே அர்த்தம்?

வீட்டுக் கதையை ஊரறியச் சொல்வது சரியா? எங்கள் குடும்பத்தில் நடந்த ஒன்றை எழுதலாம் என்று நினைத்தேன். ‘மானம் போய்விடும்’ என்கிறார் அண்ணன்.
– பெயர் வேண்டாம், பிரிக்பீல்ட்ஸ்

உங்கள் கடிதத்தை யாருக்கும் காட்டவில்லை, அலமாரியில் பூட்டித்தான் வைத்திருக்கிறேன். முதலில் அந்த நிம்மதி உங்களுக்கு வேண்டும்.

இதில் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. கதை யாருக்கு நடந்ததோ அவருக்குத்தான் சொந்தம். உங்களுக்கு நடந்ததைச் சொல்ல அண்ணனிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆனால் அண்ணிக்கு நடந்ததை அண்ணியைக் கேட்காமல் நீங்கள் எழுதக் கூடாது. உங்கள் நாலு பக்கத்தில் இரண்டும் கலந்து கிடக்கிறது. சிவப்புப் பேனாவை எடுத்துப் பிரித்துப் பாருங்கள். எது உங்களுடையது, எது அண்ணியுடையது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

தமிழ்ச் சேனல்களில் குடும்பத்தையே கூட்டி வந்து, கேமரா முன்னால் உட்காரவைத்து, மாமியாரும் மருமகளும் ஒருவரை ஒருவர் ஏசிக்கொள்ளும்வரை விட்டுப் பிடிக்கிற நிகழ்ச்சிகளை நானும் பார்த்திருக்கிறேன். கோபத்தில் நாக்கு தவறி வந்ததை ஆயுசு முழுக்க ஊர் போனில் பார்த்துக்கொண்டிருக்கும். கடிதத்தில் அந்த ஆபத்து குறைவு. எழுதும்போது யோசிக்கிறோம், அடிக்கிறோம், திருத்துகிறோம், ராத்திரி எழுதியதைக் காலையில் கிழித்தும் போடுகிறோம். எழுதியவரின் இடத்தில் நடிகர் நிற்கிறார். எழுதியவர் வீட்டில் இருந்துகொண்டே தன் வாழ்க்கையைத் தள்ளி நின்று பார்க்கலாம். கடித நாடகம் மனிதருக்குக் கொடுக்கிற மரியாதை அது. அதனால்தான் நான் இந்த வடிவத்துக்காக இவ்வளவு பேசுகிறேன்.

எழுதுங்கள். அனுப்ப வேண்டுமா என்பதை எழுதி முடித்த பிறகு முடிவு செய்யலாம்.

இவ்வளவு நல்ல தொடரை ஏன் நிறுத்தினார்கள்?
– வாசகர், ஆயர் ஈத்தாம்

2020 மே 5-ஆம் தேதி ஏபிஎஸ்-சிபிஎன் ஒளிபரப்பையே நிறுத்த வேண்டி வந்தது. அதன் உரிமக் காலம் முடிந்துவிட்டது. ஜூலை 10-ஆம் தேதி நாடாளுமன்றக் குழு புதிய உரிமம் கொடுக்க முடியாது என்று வாக்களித்துவிட்டது. கோவிட் காலம் வேறு, ஏராளமானவர்களுக்கு வேலை போயிற்று. நிறுவனம் கேபிள் வழியாகவும் இணையம் வழியாகவும் பிற சேனல்களின் நேரத்திலும் தன் நிகழ்ச்சிகளைக் காட்டித் தாக்குப்பிடித்தது. அந்த நிலையிலும் இந்தத் தொடர் 2022 டிசம்பர் 10 வரை வந்தது. பிறகு 2025-இல் புதுக் கதைகளோடு திரும்பவும் வந்தது, அதே சாரோவோடு. செந்தூல் சகோதரி, உங்கள் தோழியிடம் சொல்லுங்கள், அவருக்குத் தெரிந்திருக்கும்தான்.

என் தாத்தாவை ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு ரயில் தண்டவாளம் போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். திரும்பவில்லை. ஒரு கடிதம், ஒரு படம்கூட எங்களிடம் இல்லை. கடிதம் இல்லாதவர்கள் கதையை யார் எழுதுவது?
– வாசகர், புக்கிட் மெர்தாஜாம்

இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன், ஐயா.

சயாம்–பர்மா ரயில் பாதை 415 கிலோமீட்டர். 1942-இல் தொடங்கி 1943-இல் முடித்தார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் போனார்கள். சம்பளம் உண்டு, சீக்கிரம் திரும்பிவிடலாம் என்று சொல்லிக் கூட்டிப்போனதும் உண்டு, ஆளைப் பிடித்து லாரியில் ஏற்றியதும் உண்டு. காலராவும் மலேரியாவும் பட்டினியும் கொன்றன. நேசநாட்டுப் போர்க்கைதிகள் 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள், ஆசியத் தொழிலாளர்கள் அதைவிடப் பல மடங்கு. காஞ்சனபுரியில் அந்தக் கைதிகளுக்கு வரிசை வரிசையாகக் கல்லறை இருக்கிறது, கல்லில் பெயரும் வயதும் படையும் செதுக்கியிருக்கிறது. கைதிகள் எழுதிய நாட்குறிப்புகள் புத்தகமாயின. நம் ஆட்களில் பெரும்பாலோருக்குப் பெயர் எழுதிய கல் கிடையாது. எழுத்து தெரிந்தவர் குறைவு, தெரிந்தாலும் தாள் ஏது?

ஆனால் ஐயா, உங்கள் கடிதத்திலேயே பாட்டியைப் பற்றி ஒன்று எழுதியிருக்கிறீர்கள். போரெல்லாம் முடிந்து, போனவர்களில் சிலர் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தபோது, தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்து வாசலில் நின்று பாட்டி ஒவ்வொருவராகக் கேட்டார். யாரும் ‘இறந்துவிட்டார்’ என்று சொல்லவில்லை, ‘பார்த்தேன்’ என்றும் சொல்லவில்லை. அதனால் சாகும்வரை பொட்டை அழிக்கவில்லை. நல்லது கெட்டதுக்கு அழைக்கலாமா கூடாதா என்று உறவுக்காரர்கள் குழம்பினார்கள், பாட்டி குழம்பவில்லை, தானாகவே போய் முன் வரிசையில் உட்காருவார் என்று எழுதியிருக்கிறீர்கள்.

அந்தப் பாட்டியின் கடிதத்தை நீங்கள் எழுத வேண்டும். தாத்தாவுக்கு அங்கே என்ன நடந்தது என்று கற்பனை செய்ய வேண்டாம், தெரியாததைத் தெரியாததாகவே விடுங்கள். முன் வரிசையில் உட்கார்ந்த பாட்டியைப் பக்கத்தில் இருந்து பார்த்த பேரன் நீங்கள், அதை எழுதுங்கள். தலைப்பு வேண்டுமானால் குங்குமச் சிமிழ்.

நம் நாட்டில் தமிழில் இப்படி ஒரு தொடர் வருமா?
– இளம் இயக்குநர், பிரிக்பீல்ட்ஸ்

வர வேண்டும், தம்பி. நடிகர்கள் இருக்கிறார்கள், கேமரா பிடிக்கத் தெரிந்த பிள்ளைகள் ஏராளம். கதைக்குக் குறைவே இல்லை: குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள கார்டோடு, பிறந்த மண்ணிலேயே குடியுரிமைக்கு வருஷக் கணக்காக அலைந்த பாட்டி, 1969-க்குப் பிறகு வேலை பெர்மிட் கெடுபிடி வந்தபோது கப்பல் ஏறி ஊருக்குத் திரும்பிய அப்பாவும் இங்கேயே தங்கிவிட்ட பிள்ளையும், தோட்டத்தை விற்று வீட்டுமனை போட்டபோது கோவிலை எங்கே கொண்டுபோவது என்று தவித்த லயத்து ஜனங்கள்.

நமக்கு இல்லாதது கடிதம் படிக்கிற ஆள். வாரம் முழுக்க உட்கார்ந்து வந்ததையெல்லாம் படித்து, எழுதியவரை நேரில் போய்ப் பார்த்து, உண்மையா என்று விசாரித்து, எதைக் காட்டலாம் எதைக் காட்டக் கூடாது என்று அவரையே கேட்டுவிட்டுத் திரைக்கதை எழுத வேண்டும். அந்த வேலைக்குச் சம்பளம் ஒதுக்குகிற தயாரிப்பாளர் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. நடிகைக்குக் கொடுக்கிற பட்டுச் சேலைச் செலவில் ஒரு பகுதியை இதற்கு ஒதுக்கினால்கூடப் போதும். முதலில் ஆறு கதை செய்யுங்கள், அதையும் நிதானமாகச் செய்யுங்கள். கதை வேண்டுமானால் இந்த மாதம் எழுதியவர்களின் சம்மதத்தைக் கேட்டுவிட்டு உங்களுக்குச் சொல்கிறேன். சம்மதம் இல்லாமல் ஒரு வரிகூட என் கையிலிருந்து வராது.

எனக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. மலாய்ப் பள்ளியில் படித்தவள். அம்மா கதையை எப்படி அனுப்புவது?
– தாதி, ஜெலுத்தோங்

மலாயில் எழுதுங்கள், நான் படிப்பேன். அதுவும் சிரமம் என்றால் வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது போனில் பேசிப் பதிவு செய்து அனுப்புங்கள். அம்மா இருக்கிறார் என்றால் இன்னும் நல்லது, அவரையே பேசவிட்டு நீங்கள் பதிவு செய்யுங்கள். நடுவில் குறுக்கிடாதீர்கள், ‘அது அப்படி இல்லம்மா’ என்று திருத்தாதீர்கள். பக்கத்து வீட்டு நாய் குரைத்தாலும் பரவாயில்லை. அரை மணி நேரம் பேசட்டும். எழுத்தில் கொண்டுவருவது என் வேலை. எழுதியதை அச்சுக்குக் கொடுக்கும் முன் உங்களுக்குப் படித்துக் காட்டுவேன், அம்மா சரி என்றால்தான் அச்சேறும். அடுத்த இதழுக்கு வேண்டுமானால் இம்மாதம் 20-ஆம் தேதிக்குள் அனுப்பிவிடுங்கள்.